ஒரே பொருள், பல நிறம்: நானோ படிகங்கள் எப்படி ஒளிர்கின்றன?

நான்கு சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் இருப்பது காட்மியம் செலினைடு என்ற ஒரே சேர்மம். மிக நுண்ணிய படிகங்களாக அது ஒரு திரவத்தில் மிதக்கிறது. சாயம் எதுவும் சேர்க்கவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்தால் முதல் குப்பி நீலமாக ஒளிர்கிறது. இரண்டாவது பச்சை, மூன்றாவது ஆரஞ்சு, நான்காவது சிவப்பு. நான்குக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே ஒன்றுதான்: படிகத்தின் அளவு. நீலக் குப்பியில் இருப்பவை ஏறக்குறைய 2 நானோமீட்டர் விட்டமுள்ளவை. சிவப்புக் குப்பியில் இருப்பவை சுமார் 6 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்.

பொருள் மாறினால் நிறம் மாறும் என்பது பள்ளியில் நாம் படித்த வேதியியல். கந்தகம் மஞ்சள்; கட்டியாக இருந்தாலும் பொடித்தாலும் மஞ்சள்தான். இங்கேயோ பொருள் அப்படியே இருக்கிறது, அளவு மாறியதும் நிறம் மாறிவிடுகிறது. அறிவியலில் நான் படித்தவற்றில் இவ்வளவு வியப்பூட்டியவை மிகச் சில. இந்தப் படிகங்களுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். இவற்றுக்காக அலெக்சி எகிமோவ், லூயிஸ் புரூஸ், மௌங்கி பவெண்டி மூவருக்கும் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஊட்டியிலோ குன்னூரிலோ டிவி வாங்கப் போனால் கியூஎல்இடி என்று எழுதிய பெட்டிகளைக் காட்டுகிறார்கள். அதில் வரும் கியூ என்ற எழுத்து இந்தக் குவாண்டம் புள்ளியைத்தான் குறிக்கிறது. கோத்தகிரியில் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது உடனே வந்த கேள்வி, "வண்டியில ஒட்டுற ரேடியம் மாதிரியா சார்?" என்பதுதான். நல்ல கேள்வி. வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர், எதிரே வரும் விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் அறைக் கூரையில் ஒட்டும் நட்சத்திர ஸ்டிக்கர் வேறு வகை. அது ஒளியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்த பிறகும் நெடுநேரம் மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. குவாண்டம் புள்ளி இந்த இரண்டிலும் சேராது. அது ஒளியை உள்வாங்கி, வேறொரு நிறத்தில் உடனடியாகத் திருப்பிக் கொடுக்கிறது. டார்ச்சை அணைத்தால் அந்தக் கணமே அதுவும் அணைந்துவிடும்.

அந்த வேறொரு நிறம் எங்கிருந்து வருகிறது, அதை ஏன் அளவு தீர்மானிக்கிறது? இதைப் புரிந்துகொள்ள முதலில் ஊட்டியில் தயாரான ஃபிலிமைப் பார்க்க வேண்டும்.

டார்க் ரூமின் சிவப்பு விளக்கு

மத்திய அரசு 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை ஊட்டியில்தான் இருந்தது. கறுப்பு வெள்ளை ஃபிலிம், பிரிண்ட் போடும் பேப்பர், ஆஸ்பத்திரிகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் இங்கிருந்து போயின. ஃபிலிமின் மேல் இருக்கும் பூச்சு, ஜெலட்டினில் பரவிக் கிடக்கும் சில்வர் புரோமைடு படிகங்களால் ஆனது. சில்வர் புரோமைடு ஒரு குறைக்கடத்தி. அதாவது, ஒளியைப் பிடிக்கும் குறைக்கடத்திப் படிகங்களைச் செய்வதே இந்த மலையில் பல குடும்பங்களுக்குப் பல ஆண்டுகள் பிழைப்பாக இருந்தது. கம்ப்யூட்டர் சில்லு என்றதும்தான் நமக்குக் குறைக்கடத்தி நினைவுக்கு வருகிறது. ஃபிலிமை யாரும் அப்படி நினைத்துப் பார்ப்பதில்லை.

பழைய ஸ்டுடியோவின் டார்க் ரூமுக்குள் போயிருப்பவர்களுக்கு அங்கே எரியும் சிவப்பு விளக்கு நினைவிருக்கும். பிரிண்ட் பேப்பர் மேல் வெள்ளை வெளிச்சம் கொஞ்சம் பட்டாலும் பேப்பர் வீண். சிவப்பு வெளிச்சத்தில் நிதானமாக வேலை பார்க்கலாம். சிவப்பு மட்டும் ஏன் கெடுக்கவில்லை?

ஒரு திடப்பொருளில் கோடிக்கணக்கான அணுக்கள் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. அவற்றின் எலக்ட்ரான்கள் எந்த ஆற்றலில் இருக்கலாம், எதில் இருக்கக் கூடாது என்பதற்கு விதி உண்டு. குறைக்கடத்தியில் அனுமதிக்கப்பட்ட ஆற்றல்கள் இரண்டு பட்டைகளாக அமைகின்றன. கீழ்ப் பட்டை முழுக்க எலக்ட்ரான்கள் நிரம்பி இருக்கும். மேல் பட்டை காலி. நடுவில் உள்ள ஆற்றல்களில் எந்த எலக்ட்ரானும் இருக்க முடியாது. அந்த நடுப்பகுதிக்குப் பட்டை இடைவெளி என்று பெயர். சில்வர் புரோமைடில் இது சுமார் 2.6 எலக்ட்ரான்வோல்ட். எலக்ட்ரான்வோல்ட் என்பது இந்த நுண்ணிய உலகில் ஆற்றலை அளக்கும் அலகு.

ஒளியும் தனித்தனிப் பொட்டலமாகத்தான் வருகிறது. ஒரு பொட்டலம் ஒரு ஃபோட்டான். நிறத்தைப் பொறுத்து அதன் ஆற்றல் மாறும். 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஃபோட்டானில் 2.75 எலக்ட்ரான்வோல்ட் இருக்கிறது. 620 நானோமீட்டர் சிவப்பில் 2 மட்டுமே. 1240-ஐ நானோமீட்டரால் வகுத்தால் எலக்ட்ரான்வோல்ட் கிடைக்கும்; இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் நீங்களே சரிபார்க்கலாம்.

இப்போது டார்க் ரூம் புரிந்துவிடும். நீல ஃபோட்டான் 2.6-ஐத் தாண்டுகிறது, எலக்ட்ரானை மேல் பட்டைக்கு ஏற்றிவிடுகிறது. சிவப்பு ஃபோட்டானால் முடியாது. ஒன்றால் முடியாததை இரண்டு சேர்ந்து செய்வதும் இல்லை. அத்தனை கோடி சிவப்பு ஃபோட்டான்களும் படிகத்தைத் தொடாமலே கடந்து போகின்றன. (கேமரா ஃபிலிமில் சிவப்பையும் பிடிக்கும் சாயங்களைச் சேர்ப்பார்கள், அதனால் அதை முழு இருட்டில்தான் கையாள வேண்டும்.)

மேலே போன எலக்ட்ரான், கீழ்ப் பட்டையில் ஒரு காலியிடத்தை விட்டுச் செல்கிறது. அந்தக் காலியிடத்துக்குத் துளை என்று பெயர். எலக்ட்ரான் எதிர்மின்சுமை கொண்டது. அது இல்லாத இடம் நேர்மின்சுமை போல நடந்துகொள்ளும். அதனால் எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இந்த ஜோடியை மறக்க வேண்டாம், ஒளி வருவது இதிலிருந்துதான்.

அணுவுக்கும் கட்டிக்கும் நடுவே

இனி கொஞ்ச நேரம் பழனி மலைக்குப் போவோம். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் நூறு ஆண்டுகளுக்கு மேல் சூரியனை ஒரே ஒரு குறிப்பிட்ட நிறத்தில் படம்பிடித்து வந்தார்கள்: 393 நானோமீட்டர் ஊதா. ஒரு எலக்ட்ரானை இழந்த கால்சியத்துக்கு உரிய நிறம் அது. சூரியனில் இருக்கும் கால்சியத்துக்கும் ஆய்வகத்தில் இருக்கும் கால்சியத்துக்கும் அந்த எண் ஒன்றுதான். தனி அணுவில் பட்டைகள் கிடையாது. திட்டமான, ஒன்றுக்கொன்று விலகிய சில ஆற்றல் நிலைகள்தான் உண்டு. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான் மாறும்போது அந்த வித்தியாசத்துக்கு உரிய நிறம் மட்டும் வரும்.

ஆக, ஒரு பக்கம் தனி அணு: கூர்மையான நிலைகள், மாறாத நிறம். இன்னொரு பக்கம் பெரிய படிகம்: அகன்ற பட்டைகள், மாறாத இடைவெளி. குவாண்டம் புள்ளி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 3 நானோமீட்டர் விட்டமுள்ள காட்மியம் செலினைடு துகளில் சுமார் 500 அணுக்கள்தான் இருக்கும். 6 நானோமீட்டர் துகளில் சுமார் 4000. அணு என்று சொல்ல முடியாத அளவுக்குப் பெரியது, கட்டி என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது.

பெரிய காட்மியம் செலினைடு கட்டியில் ஓர் எலக்ட்ரானும் துளையும் ஜோடியாக இருக்கும்போது அவற்றுக்கிடையே இயல்பாக 5 அல்லது 6 நானோமீட்டர் தூரம் இருக்கும். அவற்றுக்கு வசதியான பரப்பு அது. ஆனால் முழுத் துகளே 3 நானோமீட்டர் என்றால்? அந்த ஜோடி தன் இயல்பான இடத்தைவிடச் சின்ன இடத்தில் அடைபட்டு வாழ வேண்டியிருக்கிறது. எலக்ட்ரானைச் சின்ன இடத்தில் அடைத்தால் அதன் ஆற்றல் கூடும். குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான விதி இது, விலக்கே கிடையாது.

ஏன் கூட வேண்டும்? எலக்ட்ரான் ஒரு சின்ன உருண்டை இல்லை, அது அலையாகவும் நடந்துகொள்கிறது. வீணையை நினைத்துப் பாருங்கள். தந்தியை ஒரு மெட்டில் அழுத்தினால் அதிரும் நீளம் குறைகிறது, சுரம் மேலே ஏறுகிறது. தந்தியும் இழுவையும் அப்படியே இருக்கின்றன, நீளம் மட்டும்தான் மாறியது. இரண்டு முனையிலும் அதிர்வு அடங்க வேண்டும் என்பதால், குறைந்த நீளத்தில் குறைந்த அலைநீளம் மட்டுமே பொருந்தும். படிகத்துக்குள் இருக்கும் எலக்ட்ரான் அலைக்கும் இதே நிபந்தனை. விளிம்புகளில் அது அடங்க வேண்டும். படிகம் சிறுத்தால் அலைநீளம் குறைகிறது. எலக்ட்ரானைப் பொறுத்தவரை அலைநீளம் குறைவது என்றால் ஆற்றல் கூடுவது. துளைக்கும் அப்படியே.

பாடநூல் கணக்குப்படி நீளம் பாதியானால் இந்தக் கூடுதல் ஆற்றல் நான்கு மடங்காகும். உண்மையான படிகத்தில் அவ்வளவு ஏறுவதில்லை. எலக்ட்ரான் அலை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் கசிகிறது, எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் ஆற்றல் சற்றுக் குறையவும் செய்கிறது. திசை மட்டும் மாறாது: சிறுத்தால் ஏறும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். பெரிய கட்டியாக இருக்கும் காட்மியம் செலினைடின் இடைவெளி 1.74 எலக்ட்ரான்வோல்ட். 1240-ஐ 1.74-ஆல் வகுத்தால் சுமார் 713 நானோமீட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் கடைசி விளிம்பு. 6 நானோமீட்டர் துகளில் அடைபட்டதால் இது ஏறக்குறைய 2 ஆகிறது: தெளிவான சிவப்பு. 2 நானோமீட்டர் அளவில் 2.6-ஐ நெருங்குகிறது: நீலம். கட்டியின் இடைவெளி இயற்கை கொடுத்தது, நம்மால் மாற்ற முடியாது. அதற்கு மேல் கூடும் பகுதியைப் படிகத்தை எவ்வளவு வளர்க்கிறோம் என்பதை வைத்து நாம் தீர்மானிக்கிறோம்.

ஏறியது இறங்கும்போது

புற ஊதா டார்ச்சின் ஃபோட்டானில் சுமார் 3.1 எலக்ட்ரான்வோல்ட் இருக்கிறது. சிவப்புத் துகளுக்குத் தேவை 2 மட்டுமே. தேவைக்கு மேல் வந்தாலும் படிகம் அதை வாங்கிக்கொள்கிறது. எலக்ட்ரான் உயரமான ஒரு நிலைக்குப் போய்விட்டு, அங்கே நிற்காமல் கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல கோடி மடங்கு விரைவாக மேல் நிலைகளில் மிகக் கீழானதற்கு வந்துவிடுகிறது. அந்த மிச்ச ஆற்றல் படிகத்தின் அதிர்வாக, அதாவது வெப்பமாகப் போய்விடும். அதற்குக் கீழே இடைவெளி. படிப்படியாக இறங்க அங்கே எந்த நிலையும் இல்லை. எலக்ட்ரான் அங்கேயே கொஞ்சம் தங்குகிறது. காட்மியம் செலினைடில் இந்தத் தங்கல் சுமார் 20 நானோநொடி. அப்புறம் ஒரே தாவலில் கீழே வந்து துளையை நிரப்புகிறது. அந்த இறக்கத்தின் ஆற்றல் முழுவதும் ஒரு ஃபோட்டானாக வெளியே வருகிறது.

நானோ படிகத்தின் ஒளி என்பது இந்த ஒரு தாவல்தான். எந்த நிறத்தில் ஒளியைக் கொடுத்தாலும், போதுமான ஆற்றல் இருந்தால், அது தன் சொந்த நிறத்தைத்தான் திருப்பித் தரும். அதனால்தான் ஒரே டார்ச்சால் நான்கு குப்பிகளையும் நான்கு நிறங்களில் ஒளிர வைக்க முடிந்தது. வாங்கியதைவிட அதிக ஆற்றலுள்ள ஒளியை இந்த வழியில் அது தராது. நீலத்தைக் கொடுத்து சிவப்பை வாங்கலாம், சிவப்பைக் கொடுத்து நீலத்தை வாங்க முடியாது.

குவாண்டம் புள்ளிகள் வீட்டில் கிடைக்காது. ஆனால் ஒளியை வாங்கி வேறு நிறத்தில் தருவதை எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்க்கலாம். சில பச்சைத் தேயிலைக் கொழுந்துகளை நசுக்கி, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவையுங்கள். அருகில் அடுப்போ நெருப்போ இருக்கக் கூடாது. பச்சைச் சாறு இறங்கியதும் வடிகட்டி, இருட்டறையில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சைத் திரவம் இரத்தச் சிவப்பில் ஒளிரும். பச்சையம் ஒளியை வாங்கிச் சிவப்பாகத் திருப்பிக் கொடுக்கிறது. முதல் முறை பார்க்கும் பிள்ளைகள் டார்ச்சுக்குள் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. பச்சையம் ஒரு மூலக்கூறு. அதன் சிவப்பு அதன் அமைப்பிலேயே முடிவாகிவிட்டது. கோத்தகிரித் தேயிலையிலும் கூடலூர்த் தேயிலையிலும் அதே சிவப்புதான். அதைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாற்ற வேண்டுமென்றால் மூலக்கூறையே மாற்ற வேண்டும். குவாண்டம் புள்ளியில் அளவை மாற்றினால் போதும். இரண்டாவது, உயிருள்ள இலையின் மேல் அதே டார்ச்சை அடித்தால் இந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. இலைக்குள் அந்த ஆற்றலுக்கு வேறு வேலை இருக்கிறது, பெரும்பகுதி ஒளிச்சேர்க்கைக்குப் போய்விடுகிறது. மேலே ஏறிய எலக்ட்ரானுக்கு ஒளியாக இறங்குவதைத் தவிர வேறு வழி கிடைத்தால் ஒளி குறையும். இந்த இடத்தில்தான் நானோ படிகங்களைச் செய்பவர்களின் பெரிய போராட்டம் தொடங்குகிறது.

விளிம்பில் இருக்கும் பொறிகள்

மறுபடியும் ஃபிலிமுக்கு வருவோம். சில்வர் புரோமைடு படிகத்தில் மேலே ஏறிய எலக்ட்ரான் கீழே இறங்கி ஒளி தந்தால் படமே வராது. அது படிகத்தில் ஓடி, ஏதாவது ஒரு குறைபாடுள்ள இடத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அங்கே ஒரு வெள்ளி அயனி அதை வாங்கி உலோக வெள்ளி அணுவாகிறது. அதே இடத்தில் இப்படிச் சில அணுக்கள் சேர்ந்தால் போதும், டெவலப்பரில் போடும்போது அந்தப் படிகம் முழுவதும் கறுப்பு வெள்ளியாக மாறிவிடும். நாம் பார்க்கும் படத்தின் கறுப்பு அதுதான். எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் இந்தப் பொறிகள் ஃபிலிம் செய்பவர்களுக்கு மிகத் தேவை.

குவாண்டம் புள்ளி செய்பவர்களுக்கு அதே பொறிகள்தான் எதிரி. படிகத்தின் உள்ளே இருக்கும் அணுவைச் சுற்றி நான்கு பக்கமும் பிணைப்புகள் இருக்கும். மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் ஆள் இல்லை, பிணைப்பு தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொங்கும் பிணைப்புகள் இடைவெளிக்கு நடுவே, இருக்கவே கூடாத இடத்தில், புதிய ஆற்றல் நிலைகளை உண்டாக்குகின்றன. எலக்ட்ரான் அதில் விழுந்தால் ஒளி தராமல் வெப்பமாகக் கரைந்துவிடும். பெரிய கட்டியில் மேற்பரப்பு அணுக்கள் மிகச் சொற்பம். 3 நானோமீட்டர் துகளிலோ ஏறத்தாழ பாதி அணுக்கள் மேற்பரப்பில்தான் இருக்கின்றன.

தொடக்க காலக் குவாண்டம் புள்ளிகள் மங்கலாக ஒளிர்ந்ததற்கு இதுவே காரணம். நூறு ஃபோட்டான்களை வாங்கிப் பத்தைத் திருப்பித் தந்தாலே பெரிது. 1996-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டார்கள். காட்மியம் செலினைடு துகளைச் சுற்றி துத்தநாக சல்பைடை ஓடாக வளர்த்தார்கள். துத்தநாக சல்பைடின் இடைவெளி மிகப் பெரியது, 3.6 எலக்ட்ரான்வோல்ட் அளவு. அதனால் எலக்ட்ரானும் துளையும் உள்ளேயே தங்கிவிடுகின்றன, மேற்பரப்பின் பொறிகளை அவை எட்டுவதில்லை. தொங்கிய பிணைப்புகளும் ஓட்டின் அணுக்களோடு சேர்ந்துவிடுகின்றன. நூற்றுக்கு ஐம்பது திரும்பி வந்தது. இன்று நல்ல ஆய்வகங்களில் செய்யும் புள்ளிகள் நூறை நெருங்குகின்றன. என்னைக் கேட்டால், அளவால் நிறம் மாறும் என்ற கண்டுபிடிப்புக்கு இணையானது இந்த ஓடு. அது இல்லாவிட்டால் இந்தப் படிகங்கள் ஆய்வகத்தைத் தாண்டியிருக்காது.

யார், எங்கே

எகிமோவ் அன்றைய சோவியத் யூனியனின் லெனின்கிராடில் கண்ணாடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே பொருளைக் கலந்த கண்ணாடி, எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு நிறம் காட்டும் என்பது கண்ணாடித் தொழிலில் நெடுநாளாகத் தெரிந்ததுதான். அதன் காரணத்தைத் தேடி அவர் காப்பர் குளோரைடு கலந்த கண்ணாடியை 500 முதல் 700 டிகிரி வரை, ஒரு மணி நேரத்திலிருந்து 96 மணி நேரம் வரை சூடாக்கிப் பார்த்தார். உள்ளே உருவான படிகங்கள் 2 நானோமீட்டரிலிருந்து 30 வரை இருந்தன. சிறிய படிகங்கள் உள்வாங்கும் ஒளி நீலத்தை நோக்கி நகர்ந்தது. 1981-ல் அதை வெளியிட்டார்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் புரூஸுக்கு இது தெரியாது. அவர் திரவத்தில் மிதக்கும் காட்மியம் சல்பைடு துகள்களை வேறொரு காரணத்துக்காகச் செய்துகொண்டிருந்தார். மேசையில் விட்டுவைத்த கரைசலின் ஒளிப் பண்பு ஒரு நாள் கழித்து மாறியிருந்தது. துகள்கள் வளர்ந்திருக்க வேண்டும் என்று ஊகித்து அளந்து பார்த்தார். புதிதாகச் செய்தவை சுமார் 4.5 நானோமீட்டர், மேசையில் இருந்தவை சுமார் 12.5. அளவுதான் காரணம் என்பதை 1983-ல் எழுதினார். கெட்டுப்போன கரைசல் என்று கொட்டிவிட்டிருந்தால் அவ்வளவுதான்.

மீதியிருந்த பிரச்சினை, எல்லாத் துகளையும் ஒரே அளவில் செய்வது. ஒரு குப்பிக்குள் 2, 3, 5 நானோமீட்டர் எல்லாம் கலந்திருந்தால் நிறங்களும் கலந்து மங்கிப்போகும். பெல் ஆய்வகத்தில் புரூஸுடன் இருந்து பிறகு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போன பவெண்டியின் குழு 1993-ல் இதைத் தீர்த்தது. 300 டிகிரி அளவுக்குச் சூடாக்கிய ஒரு கரைப்பானில் மூலப்பொருள்களை ஊசியால் ஒரே நேரத்தில் செலுத்தினார்கள். உடனே எண்ணற்ற படிக விதைகள் ஒரே கணத்தில் பிறக்கின்றன. குளிர்ந்த திரவம் சேர்ந்ததால் வெப்பம் இறங்கிப் புதிய விதைகள் பிறப்பது நின்றுவிடுகிறது. பிறகு மறுபடி சூடேற்றினால் பிறந்தவை மட்டும் ஒன்றுபோல வளர்கின்றன. எல்லாம் ஒரே வயது, அதனால் ஒரே அளவு. வேண்டிய நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள், குறைக்கடத்தி என்றாலே சிலிக்கான் ஆயிற்றே, அது ஏன் ஒளிர்வதில்லை என்று. சிலிக்கானில் எலக்ட்ரான் கீழே இறங்க ஆற்றல் மட்டும் போதாது. உந்தமும் மாற வேண்டும். ஃபோட்டானால் அவ்வளவு உந்தத்தைச் சுமக்க முடியாது. படிக அதிர்வு ஒன்று சரியான நேரத்தில் துணைக்கு வந்தால்தான் ஒளி வரும், அதற்குள் எலக்ட்ரான் வேறு வழியில் தொலைந்துவிடும். காட்மியம் செலினைடில் அந்தத் தடை இல்லை.

டிவியும் காட்மியமும்

கடையில் கியூஎல்இடி என்று விற்கும் டிவிகளில் பெரும்பாலானவை, பின்னால் விளக்கு வைத்த எல்சிடி டிவிகள்தான். அந்தப் பின்விளக்கு நீல எல்இடி. அதன் முன்னால் குவாண்டம் புள்ளிகள் பரவிய ஒரு மெல்லிய தாள் இருக்கும். நீலத்தில் ஒரு பகுதியை அது பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றும், மீதி நீலம் அப்படியே கடந்துபோகும். மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. சாதாரண எல்இடி டிவியிலும் வெள்ளை ஒளிதான் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் நீலத்தோடு ஒரு மஞ்சள் பொடியின் அகன்ற ஒளியைச் சேர்த்துச் செய்தது. அதிலிருந்து சுத்தமான சிவப்பையும் பச்சையையும் வடிகட்டி எடுப்பது கடினம். குவாண்டம் புள்ளியின் ஒளி அலைநீளத்தில் 20, 30 நானோமீட்டர் அகலத்துக்குள் அடங்குவதால் நிறங்கள் ஆழமாகத் தெரிகின்றன. விற்பனையாளர் சொல்வதில் இந்த அளவு உண்மைதான். திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது என்று சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்; அது ஓஎல்இடி என்ற வேறு வகைத் திரையின் வழி.

காட்மியம் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் கன உலோகம், உடம்புக்குள் போனால் பல ஆண்டுகள் தங்கும். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் மண்ணிலும் காட்டிலும் கலந்து, 2001-ல் ஆலை மூடப்பட்ட பிறகும் அந்தச் சுமை தீரவில்லை என்பதை மலைவாசிகளான நாம் பார்த்திருக்கிறோம். கன உலோகத்தோடு வரும் எந்தப் புதிய பொருளையும், அது பழையதானால் எங்கே போகும் என்று நாம் கேட்டாக வேண்டும். ஐரோப்பிய விதிகள் மின்னணுப் பொருள்களில் காட்மியத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் கட்டுப்படுத்துகின்றன. இன்று பல டிவிகளில் காட்மியத்துக்குப் பதில் இண்டியம் பாஸ்பைடு புள்ளிகள் வந்துவிட்டன.

2018-ல் வேல்ஸின் சுவான்சி பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, தேயிலைச் சாற்றைப் பயன்படுத்திக் காட்மியம் சல்பைடு குவாண்டம் புள்ளிகளைச் செய்தார்கள். சாற்றில் உள்ள பொருள்கள் படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டி அது அளவுக்கு மீறி வளராமல் தடுக்கின்றன. ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரல் புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியை அவை தடுத்ததாகவும் எழுதினார்கள். எங்கள் பக்கம் இந்தச் செய்தி, தேநீர் குடித்தால் புற்றுநோய் வராது என்று மாறி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த ஆய்வு அப்படி எதையும் சொல்லவில்லை. புள்ளி காட்மியத்தால் ஆனது, தேயிலை அதைச் செய்ய உதவியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்து எல்லோரும் எதிர்பார்ப்பது, பின்விளக்கே இல்லாமல் மின்சாரத்திலிருந்து நேரடியாக ஒளிரும் புள்ளித் திரை. எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை இன்னொரு பக்கமும் மின்சாரமே கொண்டுவந்து சேர்க்கும். புள்ளிக்குள் அவை சந்திக்கும்போது அதே தாவல், அதே ஒளி. சிவப்பும் பச்சையும் நன்றாகவே வேலை செய்கின்றன. நீலம்தான் சீக்கிரம் மங்கிவிடுகிறது. நீலத்துக்குத் துகள் மிகச் சிறியதாகவோ, அதிக இடைவெளி உள்ள வேறு பொருளாகவோ இருக்க வேண்டும். துகள் சிறியதானால் மேற்பரப்பின் பங்கும் பொறிகளும் கூடுகின்றன. இடைவெளி அதிகமானால் மின்சுமைகளை உள்ளே செலுத்துவது கடினமாகிறது. வெளிவரும் ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் அதிகம் என்பதால், சுற்றியுள்ள பிணைப்புகளுக்கு ஆபத்தும் அதிகம். இன்றைய ஆய்வுகளில் பெரும் உழைப்பு இந்த ஒரு நிறத்துக்காகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.